கோச்சி வராத 24 ஆண்டுகள்: ஒரு கிராம ரயில் நிலையத்தின் வரலாறு எழுதப்போன கதை

இது 2012 தொடக்கம் 2015 வரை நடந்த ஒரு வேலையின் பதிவு. கொழும்பு வெள்ளவத்தையில் இயங்கும் எங்கள் ஊர்ச் சங்கத்தில் ஐந்து பேர் சேர்ந்து, யாழ்ப்பாணத்துத் தென்மராட்சியிலுள்ள எங்கள் ஊரின் பழைய ரயில் நிலையத்துக்கு ஒரு வரலாறு எழுத முயன்றோம். புத்தகம் வெளிவந்தது. ஆனால் எழுதப்போன வழியில் ஒரு குடும்பத்துக்கு நாங்கள் அறியாமல் தீங்கு செய்தோம். கொழும்பில் இருந்துகொண்டு ஊர் வரலாறு எழுதும் சங்கங்கள் இன்று நிறைய. அவர்களுக்கு உதவும் என்றே நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

ஊரின் பெயரையும் ஆட்களின் பெயர்களையும் விட்டிருக்கிறேன். நிலையம் திறந்த ஆண்டையும் சொல்லவில்லை. அதைச் சொன்னால் பழைய பட்டியலைப் பார்த்து ஊரைக் கண்டுபிடித்துவிடலாம்.

பின்னணி

வடக்குப் பாதை கொழும்பிலிருந்து படிப்படியாக நீண்டு யாழ்ப்பாணம் வந்து சேர்ந்தது என்றுதான் எங்களில் பலர் நினைத்திருந்தோம். அப்படி இல்லை. காங்கேசன்துறைக்கும் சாவகச்சேரிக்கும் இடையிலான துண்டு 1902 மார்ச் 11ஆம் திகதியே திறக்கப்பட்டுவிட்டது. அப்போது அது தெற்கோடு தொடுக்காத தனிப்பாதை. கொழும்பிலிருந்து நேராக ரயில் ஓடத் தொடங்கியது 1905 ஆகஸ்ட் 1ஆம் திகதி. சாவகச்சேரிச் சனம் காங்கேசன்துறைக்குக் கோச்சியில் (ரயிலில்) போய்வந்து மூன்று வருடங்களுக்குப் பிறகுதான் கொழும்பு அவர்களுக்குக் கிட்டியது.

பாதை வந்த பிறகு ஊரின் பிழைப்பே மாறியது. புகையிலையும் சுருட்டும் தெற்கே போயின. சிங்கள ஊர்களில் எங்கள் ஆட்கள் வைத்திருந்த சுருட்டுக் கடைகளுக்குச் சரக்கு இந்தப் பாதையால்தான் போனது. மாம்பழம், பலாப்பழம், வெங்காயம் எல்லாம் கடகத்திலும் சாக்கிலும் ஏறின. அரச உத்தியோகத்தர்கள் லீவுக்கு வாறண்டில் (அரசு தரும் இலவச ரயில் பயண அனுமதியில்) வந்து போனார்கள். 1956 ஏப்ரல் 23 முதல் யாழ்தேவி விரைவு ரயில் ஓடியது.

1990 ஜூன் 13ஆம் திகதியோடு யாழ்ப்பாணத்துக்கான சேவை நின்றது. அதன் பிறகு தண்டவாளமும் சிலிப்பர் கட்டையும் பங்கர்களுக்குப் போயின. போரிட்ட இராணுவம், புலிகள் என இரு தரப்பும் எடுத்தன.

2011 மே மாதம் ரயில் ஓமந்தை வரை மீண்டும் ஓடியது. அதற்கு வடக்கே காங்கேசன்துறை வரை இந்தியக் கடனுதவியோடு பாதை போடப்போகிறார்கள் என்பதும் உறுதியாகிவிட்டது. பழைய கட்டடம் பாதையை ஒட்டியே நின்றதால் அது உடைபடும் என்று எல்லோருக்கும் தெரிந்தது. உடைபடுமுன் அதன் வரலாற்றை எழுதி, அளந்து, படம் எடுத்து வைக்க வேண்டும் என்று 2012 ஜனவரிக் கூட்டத்தில் முடிவானது. தொகுக்கும் பொறுப்பு என்னிடம் வந்தது.

கொழும்பில் கிடைத்தவை

முதல் மூன்று மாதமும் கொழும்பிலேயே வேலை செய்தோம். வெள்ளவத்தை, தெஹிவளை, கொட்டாஞ்சேனை என்று வீடு வீடாகப் போய் 14 பேரைப் பேசவைத்துப் பதிவு செய்தோம். காலி வீதிப் பக்கத்து மாடி வீடுகளில் மின்விசிறியை நிறுத்தி, யன்னலைச் சாத்திவிட்டுத்தான் பதிய வேண்டும் என்பது மூன்றாவது பதிவில் தெரிந்தது. முதல் இரண்டிலும் பாதிப் பேச்சை பஸ் சத்தம் விழுங்கிவிட்டது. இன்னொரு பக்கம், கொழும்பு 7இலுள்ள தேசிய சுவடிகள் காப்பகத்தில் ரயில்வேயின் ஆண்டு நிர்வாக அறிக்கைகளையும் பழைய நேரசூசிகளையும் பார்த்தோம். 'நூலகம்' என்ற இணைய எண்ணிம நூலகத்தில் எங்கள் பகுதிக் கோயில் மலர்களும் பாடசாலை மலர்களும் கிடைத்தன. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தபோது போனவற்றில் எங்கள் பக்கத்துப் பழைய பத்திரிகைகளும் உண்டு. அந்த ஓட்டையை ஆட்களின் ஞாபகத்தால்தான் அடைக்க வேண்டியிருந்தது.

ஞாபகமும் காகிதமும் மூன்று இடங்களில் முட்டின.

நிலையம் 1902இல் பாதையோடு சேர்த்தே திறந்தது, காணி கொடுத்தது தங்கள் பாட்டனார் என்று ஒரு குடும்பம் உறுதியாகச் சொன்னது. ஆனால் தொடக்க கால நிலையப் பட்டியல்களில் எங்கள் ஊரின் பெயர் இல்லை. சில ஆண்டுகள் கழிந்து வரும் பட்டியலில்தான் அது சிறு தரிப்பிடமாகத் தோன்றுகிறது. பாதை திறந்த நாளும் நிலையம் திறந்த நாளும் வேறு வேறு என்பதை நாங்கள் யாருமே யோசித்திருக்கவில்லை.

அடுத்தது யாழ்தேவி. யாழ்தேவி எங்கள் ஸ்டேசனில் நிற்கும் என்று ஐந்து பேர் சொன்னார்கள். அங்கே போர்ட்டராக வேலை செய்த ஒருவரைக் கொட்டாஞ்சேனையில் மகள் வீட்டில் பிடித்தோம். எண்பதைத் தாண்டியவர். அவர் சிரித்துவிட்டுச் சொன்னார்: "தம்பி, யாழ்தேவி ஒருநாளும் நிண்டதில்லை. நான் பச்சைக்கொடி பிடிச்சபடி நிப்பன், அது தூசியை என்ரை முகத்திலை அடிச்சுப்போட்டுப் போகும். சனம் சாவகச்சேரியிலை இறங்கி மாட்டுவண்டியிலையோ அடுத்த கோச்சியிலையோ வரும்." டிரைவர் ஓடும் வண்டியில் இருந்தபடி, ஒற்றைப் பாதையில் போக அனுமதி தரும் வளையத்தைக் கைமாற்றிக்கொள்ளும் காட்சியைப் பலர் எங்கள் ஸ்டேசனில் பார்த்ததாக வர்ணித்திருந்தார்கள். அதையும் அவர் மறுத்தார். ஒற்றைப் பாதையில் கோச்சிகள் ஒன்றையொன்று விலத்துவதற்கு இரண்டாவது தண்டவாளம் உள்ள ஸ்டேசனில்தான் வளையம் மாறும், எங்களிடம் இருந்தது ஒரே பாதை என்றார். சின்ன வயதில் பக்கத்துப் பெரிய ஸ்டேசனில் பார்த்ததை ஆட்கள் சொந்த ஸ்டேசனில் கொண்டுவந்து வைத்துவிட்டார்கள்.

மூன்றாவது, கடைசிக் கோச்சி. அதில் வந்தவர்கள் என்று மூன்று பேர். மூவரும் சொன்னது மூன்று வேறு நாட்கள். பாதையில் ஓடிய கடைசி ரயில் எங்கள் தரிப்பிடத்தில் நின்றதா என்பதே ஒரு தனிக் கேள்வி. அதனால் அவரவர் ஏறிய கடைசிக் கோச்சியை அவரவர் வாயாலேயே சொல்லவிட்டு, பாதை நின்ற திகதியை மட்டும் நாங்கள் எழுதினோம். காணி கொடுத்த கதையையும் அப்படியே, அந்தக் குடும்பம் சொன்னதாக என்று குறிப்பிட்டுப் போட்டோம். இந்த இரண்டு முடிவுகளையும் இன்றும் சரியென்றே நினைக்கிறேன்.

நேரில் கண்டது

2012 ஏப்ரலில், சித்திரை வருடப்பிறப்பு லீவில், நானும் எங்கள் குழுவின் இளம் பொறியியலாளர் ஒருவரும் வெள்ளவத்தையிலிருந்து இரவு பஸ்ஸில் போனோம். அளக்கும் நாடா, கமரா, கோட்டுப் படம் கீறும் பலகை எல்லாம் கையில் இருந்தன.

தண்டவாளம் கிடந்த மேடு ஊர்ச்சனம் சைக்கிளில் போகும் ஒழுங்கையாகியிருந்தது. சல்லியில் பெரும்பகுதி வீட்டு அத்திவாரங்களுக்குப் போய்விட்டது. பாடசாலையில் முழத்துக்கும் குறைவான தண்டவாளத் துண்டொன்று வேப்பமரத்தில் தொங்கியது. அதுதான் அவர்களுடைய மணி.

நிலையக் கட்டடத்தில் ஒரு குடும்பம் இருந்தது. கணவன், மனைவி, மாமியார், மூன்று பிள்ளைகள். பிளாட்பாரத்தின் ஒரு ஓரத்தில் கிடுகால் சாய்ப்பிறக்கி அடுப்படி. பயணிகள் மண்டபம்தான் படுக்கும் இடம். டிக்கெட் அறை பிள்ளைகள் படிக்கும் இடமும் சாமியறையும்.

அந்த டிக்கெட் யன்னலைக் கிட்ட நின்று பார்த்தேன். கை நுழையும் அளவு மர வளைவு. அதன் கீழே தேய்ந்த பலகை, நடுவில் உள்ளங்கை அளவுக்குக் குழி. எத்தனையோ ஆண்டுகளாகச் சில்லறையை வைத்து இழுத்து இழுத்து விழுந்த குழி அது. அட்டை டிக்கெட்டும் மிச்சக்காசும் அந்தக் குழியால்தான் இந்தப் பக்கம் வந்திருக்கும். இப்போது அதில் ஒரு சிட்டிவிளக்கு, திரியோடு கனகச்சிதமாகப் பொருந்தியிருந்தது. பக்கத்துக் கதவு நிலையில் பென்சில் கோடுகள், ஒன்றுக்கு மேல் ஒன்றாக, ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ஒரு திகதி. கடைசிப் பிள்ளையின் உயரம். முதல் கோடு என் முழங்காலுக்குக் கொஞ்சம் மேலே இருந்தது.

நாங்கள் நாடாவை விரித்ததும் அந்த அம்மா கேட்டார்: "எப்ப உடைக்கப் போறியள் சேர்?" நான், "நாங்கள் அதுக்கு வரேல்லை அம்மா, ஸ்டேசனைப் பற்றிப் புத்தகம் எழுதுறம்" என்று ஒரு வரியில் சொல்லிவிட்டு வேலையைத் தொடர்ந்தேன். அவர் திரும்பக் கேட்கவில்லை. விளங்கிவிட்டது என்று எடுத்துக்கொண்டேன்.

முதல் முடிவும் அதன் பிழையும்

படம் எடுக்கும்போது கொழும்பிலிருந்து சங்கப் பெரியவர் ஒருவர் தொலைபேசியில் வந்தார். "தம்பி, அந்த உடுப்புக் கொடி, சட்டி பானையெல்லாம் அங்காலை எடுத்துப்போட்டு எடுங்கோ. பழையபடி தெரியவேணும்." எனக்கும் அது நியாயமாகவே பட்டது. 1950களின் ஸ்டேசனைத்தான் நாங்கள் காட்ட விரும்பினோம். அந்த அம்மாவிடம் கேட்டேன். அவர் ஒரு சொல்லும் பேசாமல் கொடியை அவிழ்த்தார், பாயைச் சுருட்டினார், அடுப்படியின் முன்பக்கக் கிடுகைக்கூடச் சாய்த்து வைத்தார். மாமியார் எழும்பிப் போய்க் கிணற்றடியில் இருந்தார். முக்கால் மணித்தியாலத்தில் வேலை முடிந்தது. படங்கள் அருமையாக வந்திருந்தன, ஆள் நடமாட்டமே இல்லாத ஸ்டேசன்.

கொழும்பு திரும்பி நான் எழுதிய முதல் பிரதியில் கடைசி அதிகாரம் ஒரே பந்தி. "1990க்குப் பிறகு நிலையம் கைவிடப்பட்டுப் பாழடைந்து கிடந்தது" என்று தொடங்கியது. கிணற்றடியில் இருந்த கிழவியை என் கண்ணால் பார்த்துவிட்டு வந்து எழுதிய வசனம் அது.

தொலைபேசி அழைப்பு

பத்து நாள் கழித்து ஊர்ப் பாடசாலை ஆசிரியர் ஒருவர் அழைத்தார். எங்களுக்கு ஊரில் உதவியவர். "அண்ணை, நீங்கள் வந்துபோன பிறகு அந்தச் சனம் சாமானைக் கட்டிக்கொண்டு வெளிக்கிட்டுட்டுது. உங்களை அளவையாளர் எண்டு நினைச்சுப்போட்டினம். கொடியைக் கழட்டச் சொன்னது உடைக்கிறதுக்கு எண்டு பயந்திட்டினம்."

குடும்பம் உறவினர் ஒருவரின் வளவில் தறப்பாளின் கீழே போய் இருந்தது. அங்கே கிணறு இல்லை, தண்ணீர் இரண்டு வளவு தாண்டி எடுக்க வேண்டும். புதிய தவணை தொடங்கிய நேரம், கடைசிப் பிள்ளை பாடசாலைக்குப் போகவில்லை.

அந்த வாரமே ஐவரும் கூடினோம். எப்படியும் அவர்கள் எழும்பத்தானே வேண்டும், கொஞ்சம் முந்திப் போய்விட்டார்கள், அவ்வளவுதான் என்றார் ஒருவர். அது உண்மைதான். ஆனால் அவர்களை விலகச் சொல்லும் அறிவித்தல் பல மாதம் கழித்தே வந்தது. அந்த மாதங்கள் அவர்களுடையவை. கூரையும் கிணறும் பள்ளிக்கூடமும் இருந்த மாதங்கள். அவற்றை அவர்களிடமிருந்து எடுத்தது எங்கள் அளவுநாடா.

இரண்டாவது முடிவு

நான்கு விடயங்களை முடிவு செய்தோம். அச்சு வேலையை நிறுத்துவது. நான் திரும்பப் போய், நாங்கள் யார், எதற்கு வந்தோம் என்பதை எழுத்திலும் வாயாலும் சொல்லி மன்னிப்புக் கேட்பது. அவர்கள் விரும்பினால் மட்டும், 1990க்குப் பிந்திய காலத்தை அவர்களிடமே கேட்டு எழுதுவது. பிள்ளைகளின் படிப்புச் செலவுக்குச் சங்கத்தின் கல்வி நிதியிலிருந்து உதவுவது. கடைசியைப் புத்தகத்தோடு சேர்க்கவே கூடாது என்பதில் உறுதியாக இருந்தோம். கதை சொன்னாலும் சொல்லாவிட்டாலும் அந்த உதவி போகும். கதைக்குக் கூலி என்று ஆகிவிட்டால், நாங்கள் கேட்க விரும்புவதைத்தான் அவர்கள் சொல்வார்கள்.

மூன்றாவது முடிவு சங்கத்தில் எளிதாகப் போகவில்லை. "இது ஸ்டேசன்ரை வரலாறு. குடியிருந்த சனத்தின்ரை கதை இதுக்குள்ளை ஏன்?" என்று பெரியவர் கேட்டார். அவர் அப்படிக் கேட்டதில் பிழையில்லை. அவருக்கு அந்த ஸ்டேசன் என்பது தகப்பன் வாறண்டோடு வந்திறங்கிய இடம். பதில் சொன்னது தெஹிவளையில் இருக்கும் ஓய்வுபெற்ற ஸ்டேசன் மாஸ்டர் ஒருவர். 1990 ஜூனில் அவர் வடக்கில் வேறொரு நிலையத்தில் கடமையில் இருந்தவர். "ஐயா, நான் பூட்டிக்கொண்டு வந்த ஸ்டேசனிலை இப்ப ஓடும் இல்லை, கதவும் இல்லை, நிலையும் இல்லை. உங்கடை ஸ்டேசனிலை டிக்கெட் யன்னல் நிக்குது. ஆர் பார்த்தது அதை?" பெரியவர் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். அப்புறம், "சரி, எழுதுங்கோ, ஆனால் கடைசி அதிகாரமாக வரட்டும்" என்றார்.

ஜூனில் போனேன். முதல் நாள் ஒலிப்பதிவுக் கருவியை வெளியே எடுக்கவில்லை. அந்த அம்மா தேத்தண்ணி தந்தார், அதிகம் பேசவில்லை. இரண்டாம் நாள் தானாகவே தொடங்கினார்.

அவர்கள் வலிகாமம் வடக்கு ஆட்கள். காங்கேசன்துறைப் பக்கம், இதே பாதையின் மறு அந்தம். 1990 ஜூனில், கோச்சி நின்ற அதே மாதம், வீட்டை விட்டு வந்தவர்கள். ஊர் இராணுவத்தின் உயர் பாதுகாப்பு வலயத்துக்குள் போய்விட்டது. 1995 ஒக்டோபர் 30ஆம் திகதி இரவு, மழையில், வலிகாமம் முழுவதும் தென்மராட்சிக்கு நடந்து வந்தபோது அவர்களும் நடந்து வந்தார்கள். பாடசாலையிலும் கோயிலிலும் இடமில்லை. பிளாட்பாரத்தில் படுத்தார்கள். "ஸ்டேசன் எண்டபடியால் ஆரும் எழுப்பிவிடமாட்டினம் எண்டு நினைச்சம். எங்கடை ஊர் ஸ்டேசனிலையும் சனம் அப்பிடிப் படுக்கிறதுதானே." 2000ஆம் ஆண்டுச் சண்டையில் மீண்டும் ஓடி, 2002 போர்நிறுத்தத்துக்குப் பிறகு திரும்பி வந்தார்கள். வந்து பார்த்தபோது ஓட்டில் பாதி இல்லை. கணவர் கூலிவேலை செய்து சேர்த்த காசில் பழைய ஓடு வாங்கி வேய்ந்தார். மாரிக்கு முன் வருடா வருடம் பீலியைத் துப்புரவாக்கினார். நாங்கள் வந்து வியந்து படமெடுத்த கட்டடம் அவர் காத்துவைத்த கட்டடம்.

எழுதியதை அந்த அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். பெயர் வேண்டாம் என்றார். இரண்டு வசனங்களை எடுக்கச் சொன்னார், எடுத்தோம். ஒரு படம் மட்டும் கேட்டார். டிக்கெட் யன்னலுக்குள் இருந்து கடைசி மகள் எட்டிப் பார்ப்பது போல ஒன்று. முகம் தெரிந்தால் பரவாயில்லையா என்று தாயிடமும் பிள்ளையிடமும் தனித்தனியே கேட்டு எடுத்தோம். அது அவர்களுக்கு மட்டும். புத்தகத்தில் இல்லை.

பின்னர் நடந்தது

புத்தகம் 2013இல் வெள்ளவத்தையில் வெளியானது. 96 பக்கம், 300 பிரதிகள். கடைசி அதிகாரம் 11 பக்கம். ஆட்களில்லாத ஏப்ரல் படங்களை அளவுப் படத்தோடு சேர்த்துப் போட்டு, அவை குடியிருந்தவர்களின் சாமான்களை அகற்றிவிட்டு எடுத்தவை என்று ஒவ்வொன்றின் கீழும் எழுதினோம். வந்தவர்களில் சிலர் அந்த அதிகாரத்தை முதலில் வாசித்ததாகச் சொன்னார்கள். வெளிநாட்டிலிருந்து ஒருவர் 1970களின் பிளாட்பாரப் படமொன்று அனுப்பினார். அது முன்பே கிடைத்திருந்தால் பெயர்ப்பலகை நின்ற இடத்தைச் சரியாகக் குறித்திருப்போம்.

கட்டடம் உடைந்தது. உடைக்கும் வேலைக்கு வந்தவர்களிடம் ஆசிரியர் கேட்டு, டிக்கெட் யன்னல் பலகையையும் கோடு போட்ட நிலையையும் எடுத்துக்கொடுத்தார். பலகையைச் சங்கத்துக்குத் தரலாம் என்று அந்த அம்மா சொன்னார். நாங்கள் வேண்டாமென்றோம். இரண்டும் அவர்களிடம்தான் இருக்கின்றன.

கிளிநொச்சிக்கு 2013 செப்டெம்பரிலும், பளைக்கு 2014 மார்ச்சிலும், யாழ்ப்பாணத்துக்கு 2014 ஒக்டோபர் 13ஆம் திகதியும் ரயில் வந்தது. 2015 ஜனவரி 2ஆம் திகதி காங்கேசன்துறை வரை போனது. அந்தக் குடும்பத்தின் காணி அப்போதும் விடுபடவில்லை. "கோச்சி எங்கடை ஊருக்குப் போகுது, நாங்கள்தான் போகேல்லை" என்று அந்த அம்மா தொலைபேசியில் சொன்னார். கடைசி மகள் அடுத்த தவணையே பாடசாலைக்குத் திரும்பிவிட்டாள். ஆனால் இழந்த அந்த வாரங்களில் நடந்த பாடங்களை அவள் தனியே இருந்துதான் படித்தாள்.

அடுத்த முறை

கொழும்பில் மூன்று மாதம் ஞாபகம் சேகரித்துவிட்டு ஊருக்குப் போனது பிழையான வரிசை. போகும்போதே எங்கள் தலையில் ஒரு ஸ்டேசன் கட்டி முடிந்திருந்தது. அதனால் எதிரே நின்றதை நாங்கள் மறைப்பாகப் பார்த்தோம். முதலில் ஒருநாளாவது வெறுங்கையோடு போய் இருந்துவிட்டு வரவேண்டும். இப்போது அங்கே யார் இருக்கிறார்கள், யாருக்கு அந்த இடம் தேவை என்று தெரிந்த பிறகே அளவும் கமராவும்.

பெரிய உத்தியோகம் பார்த்தவர்களைத் தேடிப்போன அளவுக்குப் போர்ட்டர்களையும் கேற் காவலாளிகளையும் தேடவில்லை. 14 பேரில் ரயில்வேயில் கையால் வேலை செய்தவர் ஒரே ஒருவர். எங்கள் புத்தகத்தில் திருத்தங்களில் பெரும்பாலானவை அவர் வாயிலிருந்து வந்தவை. 2014இல் அவர் காலமானார். அவரிடம் நான் பதிந்தது 40 நிமிடம் மட்டுமே.

இன்னொரு தரிப்பிடத்தைப் பற்றித் தொகுக்கும் இளைஞர்கள் இருவர் போன மாதம் ஆலோசனை கேட்டு வந்தார்கள். சங்கத்தின் கடிதத் தலைப்பில் தமிழிலும் சிங்களத்திலும் ஒரு பக்கக் கடிதம் கொடுத்து அனுப்பினேன். அதில் நாங்கள் யார், யாருடைய காசில் வேலை செய்கிறோம், படம் எங்கே போகும், வேண்டாமென்றால் யாரை அழைக்கலாம் என்பவை எல்லாம் இருக்கின்றன. ஆனால் வாசலில் நின்று வணக்கம் சொன்ன உடனேயே வாயால் சொல்ல வேண்டிய முதல் வசனத்தை இருவருக்கும் தனியாகச் சொல்லிக் கொடுத்தேன்: "நாங்கள் ரயில்வே ஆட்கள் இல்லை. உங்களை எழுப்ப வரேல்லை."